ஆறு வயது நடிகர்!

ஆரப்பாளையத்தில் பஸ் ஏறிக் கிராமத் திருவிழாவுக்குப் போனால், சில ஊர்களில் விடிய விடிய 'வள்ளி திருமணம்' நாடகம் பார்க்கலாம். அதை எழுதியவர் சங்கரதாஸ் சுவாமிகள்.

பெரிய நடிகர்கள் எழுதியதை விட்டுவிட்டு மனம்போனபடி பேசினார்கள். எனவே, சுவாமிகள் சிறுவர்களைத் தேடினார். 1918-இல் மதுரையில் தொடங்கிய 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா'வில் அவரே ஆசிரியர். ஜப்பானின் கபுகி நாடகத்தில் பெண் வேடத்தை ஆண்கள் ஏற்பதுபோல, இங்கும் பெண் வேடம் பையன்களுக்கே!

அங்கே சேர்ந்தபோது டி.கே.சண்முகத்துக்கு வயது ஆறு. பள்ளிக்கூடம் கிடையாது. ஒலிபெருக்கி இல்லாத காலம். கடைசி வரிசைக்கும் கேட்கும்படி நள்ளிரவில் பாட வேண்டும். பின்னாளில் அவ்வையாராக நடித்து, 'அவ்வை சண்முகம்' என்று புகழ்பெற்றார்.

உங்களுக்குப் பள்ளியும் உண்டு, தூக்கமும் உண்டு. அடுத்த நாடகம் பார்க்கும்போது, இரண்டையும் இழந்து கலையைக் காத்த அந்தச் சிறுவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்!