லயத்து வீட்டில் பல்பு எந்த உயரத்தில் தொங்க வேண்டும்?

குட்டிக்கானத்திலிருந்து கட்டப்பனை போகும் சாலையில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது ஏலப்பாறை. கொளுந்து கிள்ள மலையேறி வந்த தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக இங்கே லயங்கள் எனப்படும் வரிசை வீடுகளில் குடியிருக்கின்றன. இதே இடுக்கி மாவட்டத்துத் தண்ணீரை வைத்துத்தான் 1976-இல் தொடங்கி வைக்கப்பட்ட மூலமற்றம் நிலத்தடி மின்நிலையம் ஓடுகிறது. அதன் முழுத் திறன் 780 மெகாவாட். லயத்தில் ஓர் அறைக்கு வேண்டியது 9 வாட்தான். அந்த 9 வாட்டில் எவ்வளவு வெளிச்சம் பிள்ளையின் நோட்டில் விழுகிறது என்பது பல்பு தொங்கும் இடத்தைப் பொறுத்தது.

தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ போட்ட கூரை, கீழே மச்சு கிடையாது. விட்டத்தில் ஒயரைச் சுற்றி, அங்கேயே ஹோல்டரை மாட்டி விடுவார்கள். பல்பு தரையிலிருந்து 3 மீட்டர் உயரத்தில் இருக்கும். சுவிட்சைப் போட்டால் அறை முழுக்க வெளிச்சம்தானே என்று தோன்றும். அப்படித் தோன்ற வைப்பது கண். பரப்பில் விழும் வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் கணக்கில், பட்டப்பகல் வெயிலில் 1,00,000 லக்ஸ், பௌர்ணமி இரவில் கால் லக்ஸுக்குப் பக்கம். இரண்டிலும் பார்க்கக்கூடிய கண்ணுக்கு 15 லக்ஸுக்கும் 30 லக்ஸுக்கும் உள்ள வேறுபாடு பெரிதாகப் படாது. ஆனால் அந்த வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் பொடி எழுத்துப் படிக்கும் பிள்ளைக்குத் தலை வலிக்கும். படிக்கும் மேசைக்கு 300 லக்ஸ் வேண்டும் என்பது பொதுவான கணக்கு.

9 வாட் எல்.இ.டி. பல்பு ஏறத்தாழ 900 லுமென் ஒளி தரும். அது கீழ்ப்பக்கமாகச் சீராகப் பரவுகிறது என்று வைத்துக்கொண்டால், 1 மீட்டர் தள்ளி நேர்கீழே 140 லக்ஸ் கிடைக்கும். 2 மீட்டர் தள்ளினால் பாதி இருக்கும் என்று நினைப்போம். இல்லை, 35தான். 3 மீட்டரில் 16-க்கும் கீழே. தூரம் இரண்டு மடங்கானால் அதே ஒளி நான்கு மடங்கு பரப்பில் விரிந்தாக வேண்டும், வேறு வழியில்லை. 1760-இல் ஒளியளவியல் நூல் எழுதிய லாம்பர்ட் இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னார்: ஒளி எவ்வளவு சாய்வாக விழுகிறதோ அவ்வளவுக்குப் பரப்பின் வெளிச்சம் குறையும். மாலை வெயில் தரையில் நீண்டு, மெலிந்து கிடப்பது இதனால்தான்.

இந்த இரண்டு விதியும் சேரும் இடம்தான் எனக்குப் பெரிய வியப்பு. பிள்ளை பல்புக்கு நேர்கீழே உட்காருவதில்லை. சுவரில் சாய்ந்து, ஒன்றரை மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. பல்பை உயர்த்தினால் தூரம் கூடி வெளிச்சம் குறையும். மிகவும் தாழ்த்தினால் ஒளி நோட்டின் மேல் சாய்வாக உரசிப் போகும், அப்போதும் குறையும். ஆக நடுவில் எங்கோ ஓர் உச்சம் இருந்தாக வேண்டும். நுண்கணிதம் அதைச் சரியாகச் சொல்லிவிடுகிறது: பக்கவாட்டுத் தூரத்தைப் போல 0.7 பங்கு உயரத்தில் வெளிச்சம் மிக அதிகம். ஒன்றரை மீட்டர் தள்ளி இருக்கும் நோட்டுக்கு, நோட்டிலிருந்து ஒரு மீட்டருக்குச் சற்று மேல்.

அந்த உயரத்தில் பல்பைத் தொங்கவிட்டால் நடக்கிறவர்கள் நெற்றியில் இடிக்கும், உட்கார்ந்தவர்கள் கண்ணில் கூசும். அதனால் அது கணக்குக்கு மட்டுமே ஆகும். ஆனால் கணக்கு இன்னொரு நல்ல செய்தியும் தருகிறது. மடியில் வைத்த நோட்டுக்கு, விட்டத்துப் பல்பு தருவது ஏறத்தாழ 13 லக்ஸ். உச்ச உயரத்தில் 24. தலையில் இடிக்காத 2 மீட்டர் உயரத்தில், அதாவது ஆறரை அடியில், 20. கிடைக்கக்கூடிய லாபத்தில் பெரும்பகுதி ஒரு மீட்டர் ஒயரை இறக்கினாலே வந்துவிடுகிறது. நேர்கீழே உட்கார்ந்தால் 19-லிருந்து 48-க்குப் போகும். கரண்ட் பில் ஒரு பைசா கூடாது. ஒயரை முறுக்கி ஒட்டுப் போட்டு நீட்டக் கூடாது. எலெக்ட்ரீஷியனைக் கொண்டு முழு ஒயராகவே மாற்ற வேண்டும்.

அப்படியும் 300 லக்ஸுக்கு எங்கோ கீழே நிற்கிறோம். படிப்புக்கென்று தனியாக ஒரு பல்பு வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். சுவரில் ஒரு ஹோல்டர், நோட்டுக்கு அரை மீட்டர் மேலே, ஒளி கண்ணில் படாதபடி ஒரு தகர மூடி. 9 வாட் பல்பே 500 லக்ஸுக்கு மேல் கொடுத்துவிடும், 5 வாட்டும் போதும். வலக்கையால் எழுதும் பிள்ளைக்கு இடப்பக்கம் மாட்டினால் கை நிழல் எழுத்தின் மேல் விழாது.

சுவரையும் கவனிக்க வேண்டும். புதிதாக வெள்ளையடித்த சுவர் விழும் ஒளியில் முக்கால் பங்கைத் திருப்பி அறைக்குள் அனுப்பும். விறகடுப்புக் கரி படிந்த சுவர் பத்தில் ஒரு பங்கைக்கூட அனுப்பாது. பல்பிலிருந்து மேலே போகும் ஒளியைக் கரியேறிய கூரை விழுங்கிவிடுகிறது. ஒரு வாளிச் சுண்ணாம்பு, இன்னொரு பல்புக்குச் சமம்.

சமையல்கட்டில் சிக்கல் வேறு. பல்பு அறை நடுவில், அடுப்பு மூலையில். அடுப்பைப் பார்த்து நிற்கிறவருக்குப் பின்னால் பல்பு எரிகிறது. அவருடைய தலையும் தோளும் சேர்ந்து சட்டிக்குள் இருட்டை இறக்கிவிடும். அரிசியில் கல் இருக்கிறதா, மீன் வெந்ததா என்று குனிந்து குனிந்து பார்ப்பார். குனியக் குனிய நிழலும் கூடும். பல்பை அடுப்பின் பக்கச் சுவருக்கு மாற்றினால் தீர்ந்தது. அடுப்புக்கு நேர்மேலே வேண்டாம்: சூடு பட்டால் எல்.இ.டி.-க்குள் இருக்கும் மின்னணுப் பாகங்கள் சீக்கிரம் கெடும். வயதானவர் சமைக்கும் வீட்டில் இதைத் தள்ளிப் போடவே கூடாது. பாவை சுருங்கி, விழிலென்ஸ் மஞ்சளாகிவிடுவதால், 60 வயதுக் கண்ணின் உள்ளே போய்ச் சேருவது 20 வயதுக் கண்ணுக்குப் போவதில் மூன்றில் ஒரு பங்கு ஒளிதான். பேத்திக்குப் போதும் வெளிச்சம் பாட்டிக்குப் போதாது.

வாசலுக்கு இந்த மலை தனிக் கணக்கு வைத்திருக்கிறது. மழைக்காலத்தில் மூடுபனி இறங்கும்போது, முகத்துக்கு நேரே எரியும் வாசல் பல்பு வெள்ளைத் திரை கட்டிவிடும். நீர்த்துளிகள் எல்லா நிறத்தையும் சிதறடித்துக் கண்ணுக்கே திருப்பி விடுவதால், பல்பு பிரகாசமாக ஆக ஆகப் படி மங்கும். முழங்கால் உயரத்தில், மேலே மூடி போட்டு, படியை மட்டும் பார்க்கும் சின்ன விளக்கு வைத்தால் கால் வைக்கும் இடம் தெரியும்.

முதல் மழைக்கு ஈசல் கிளம்பும்போது உயரம் மறுபடி முக்கியமாகிறது. பூச்சிகள் ஒளியைத் தேடி வருகின்றன என்றே வெகுகாலம் நினைத்திருந்தோம். யஷ் சோந்தி, சாமுவேல் ஃபேபியன் உள்ளிட்ட குழு அதிவேகக் கேமராவில் படம்பிடித்து 2024-இல் வெளியிட்ட ஆய்வு வேறு காரணம் காட்டியது. இரவில் வானம்தான் பளிச்சென்ற பக்கம் என்பதால், பறக்கும் பூச்சி தன் முதுகை வெளிச்சத்துக்குக் காட்டியே நிலை கொள்கிறது. பக்கத்தில் பல்பு எரிந்தால் முதுகை அதற்குத் திருப்பி, அதையே சுற்றிச் சுற்றி மாட்டிக்கொள்கிறது. ஒளி கீழிருந்து மேலே வந்தால் தலைகீழாகப் புரண்டு விழுகிறது. ஆகவே கதவுக்கு மேலே பல்பு வைப்பது ஈசலை வீட்டுக்குள்ளேயே அழைப்பதாகும். கதவிலிருந்து சில அடி தள்ளி, மஞ்சள் நிற ஒளியில், கீழ்நோக்கி மூடியிட்டு வைத்தால் வாசலுக்கு வெளிச்சம் கிடைக்கும், பூச்சியும் அங்கேயே நின்றுவிடும்.