பங்கு கைமாறுவது எப்படி?

பங்கு வாங்கியவன், பத்திரத்தையும் மாற்றுப் படிவத்தையும் கம்பெனிக்கு அனுப்பிவிட்டு, கையொப்பம் பொருந்தவில்லையென்றோ பத்திரமே போலியென்றோ அவை திரும்பி வந்துவிடுமோ என வாரக்கணக்கில் கலங்கியிருந்த நிலைமைக்கு, 1996ஆம் வருஷத்து டெபாசிட்டரி சட்டமும், பங்குகளைக் காகிதமின்றிக் கணக்குகளில் வைத்துப் பேணும் டெபாசிட்டரியாக அவ்வாண்டே மும்பையில் தோன்றிய என்.எஸ்.டி.எல். ஸ்தாபனமும் முடிவு கட்டத் தொடங்கின. இதில் விசித்திரம் யாதெனில், கம்பெனியின் பதிவேட்டில் சொந்தக்காரராக நிற்பது டெபாசிட்டரியே. லாபப் பங்கும் வாக்குரிமையுமோ முதலீட்டாளனுக்கே உரியவை. ஆதலால் விற்பனை என்பது, ஒரு கணக்கில் கழித்து மற்றொன்றில் கூட்டும் காரியமாகச் சுருங்கிற்று.

கடன் ஒப்பந்தத்தில் இந்தக் கணக்குமுறையின் உபயோகம் இன்னும் நுட்பமானது: ஈடு வைத்த பங்கு கடன்பட்டவனின் கணக்கிலேயே இருக்க, அங்கே பதிவாகும் அடமானக் குறிப்பு ஒன்றே, கடன் கொடுத்தவன் சம்மதிக்கும்வரை அதை விற்கவோ மறுபடி ஈடு வைக்கவோ இயலாதபடி தடுத்துவிடுகிறது. தவணை தவறினாலோ, ஒப்பந்தத்தின்படி கடன் கொடுத்தவன் அப்பங்குகளைத் தன் பெயருக்கே பதிவு மாற்றிக்கொள்ளலாம்.