ஆறு மணிக்குக் கூவும் விருந்தாளி

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசி மாதக் காலையில், திருப்பதியில் எங்கள் வீட்டுக் குளியலறை ஜன்னல் வழியாக ஒரு பறவை உள்ளே வந்து விழுந்து கிடந்தது. ஏறக்குறைய மைனா அளவு. ஆனால் வால் மிகவும் குட்டை. முதுகு பச்சை, இறக்கையில் நீலம், அடிவயிற்றில் சிவப்பு, கண்ணுக்கு மை தீட்டியது போல் ஒரு கறுப்புப் பட்டை. யாரோ ஆசையாக வளர்த்தது தப்பி வந்துவிட்டது என்று எண்ணி, கிளிக்கூண்டில் அடைத்து, அரிசியும் தண்ணீரும் வைத்தோம். பிள்ளைகள் தெருவையே அழைத்து வந்து காட்டினார்கள். மாலைக்குள் அது இறந்துவிட்டது. அது என்ன பறவை, நாங்கள் செய்த பிழை என்ன என்பது இந்த ஜனவரியில் தலகோனா சென்றபோதுதான் எனக்கு விளங்கியது.

திருப்பதியிலிருந்து பாக்கராபேட்டை வழியாகச் சுமார் ஒன்றரை மணி நேரப் பயணத்தில் தலகோனா வந்துவிடும். நம்மில் பலர் சித்தேஸ்வர சுவாமியைத் தரிசித்து, அருவியில் குளித்துவிட்டுத் திரும்பியிருப்போம். அந்தக் காடு 1989ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவெங்கடேஸ்வரா தேசியப் பூங்காவைச் சேர்ந்தது. பூங்காவின் பரப்பு 353 சதுர கிலோமீட்டர். 2010ல் சேஷாசலம் மலைகள் முழுவதும் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டன. மலைச்சரிவெல்லாம் வறண்ட காடு. செம்மரம் இயற்கையாக வளர்வது இந்தப் பக்கத்து மலைகளில்தான். ஆனால் ஓடையோரம் மட்டும் எப்போதும் பசுமையும் நிழலும் ஈரமுமாக இருக்கும்.

நான்கு குடும்பங்களாக முதல் நாள் இரவே சென்று தங்கினோம். விடியற்காலை ஐந்தரை மணிக்கு வழிகாட்டி வந்து அழைத்தார். பக்கத்துக் கிராமத்துக்காரர், தெலுங்கு மட்டுமே பேசுவார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தவர்களைப் போர்வையால் மூடிக்கொள்ளச் சொன்னார். பிறகு ஓடைக்கரையில் உட்கார வைத்து, "கண்ணை மூடிக் கேளுங்கள்" என்றார். பறவை பார்க்க வந்தவர்களைக் கண்ணை மூடச் சொல்கிறாரே என்று பிள்ளைகள் சிரித்தார்கள்.

காட்டில் இலைகள் மறைப்பதால் முதலில் காதுக்குத்தான் பறவை அகப்படும். தூரத்தில் காட்டுக்கோழி கூவியது. கரிச்சான் ஒன்று விதவிதமாகக் குரல் கொடுத்தது. ஆறு மணி தாண்டிச் சிறிது நேரத்தில், புதருக்குள்ளிருந்து இரண்டு சுரத்தில் தெளிவான ஒரு சீழ்க்கை எழுந்தது. நின்றது. மறுபடி எழுந்தது.

நான் அவசரப்பட்டுக் கைப்பேசியை எடுத்தேன். அதே பறவையின் குரலைப் போட்டால் வெளியே வந்துவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். வழிகாட்டி என் கையைப் பிடித்துத் தடுத்தார். "ஒத்து சார். அதி மன சுட்டம்" என்றார். வேண்டாம், அது நம் உறவுக்காரன் என்று பொருள். போலிக் குரலைக் கேட்டால், தன் இடத்தைப் பறிக்க வேறொன்று வந்துவிட்டதென்று பறவை பதறும். இரை தேட வேண்டிய நேரம் வீணாகும் என்று பிறகு விளக்கினார்.

கால்மணி நேரம் காத்திருந்தோம். சருகைப் புரட்டிப் புழு தேடியபடி தரையில் தத்தித் தத்தி வந்தது, எங்கள் குளியலறையில் விழுந்து கிடந்த அதே பறவை! என் மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். இருவரும் பேசவில்லை.

தமிழில் அதற்கு ஆறுமணிக் குருவி என்று பெயர். காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் கூவுவதால் வந்த பெயர். ஒன்பது நிறம் கொண்டதென்று இந்தியில் நவரங் என்பார்கள். 1766ல் லின்னேயஸ் இதைக் காக்கை இனத்தில் சேர்த்துவிட்டார்! 1816ல் வியேயோ என்ற பிரெஞ்சு அறிஞர் இதற்கெனத் தனிப் பேரினம் வகுத்து 'பிட்டா' என்று பெயரிட்டார். அது வேறொன்றுமில்லை, பறவை என்று பொருள்படும் 'பிட்ட' என்ற தெலுங்குச் சொல்தான். நம் அக்கம்பக்கத்தார் தினமும் பேசும் சொல் உலகமெங்கும் அறிவியல் நூல்களில் இருக்கிறது.

இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் மழைக்காலத்தில் இது குஞ்சு பொரிக்கிறது. குளிர்காலத்தில் தெற்கே வந்து, இலங்கை வரை செல்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் திரும்புகிறது. பயணம் செய்வது இரவில். ஊர் விளக்குகளால் தடுமாறியோ, கண்ணாடியில் மோதியோ, களைத்தோ வீடுகளுக்குள் விழுகிறது. எங்கள் வீட்டுக்கு வந்ததும் அப்படிப்பட்ட வழிப்போக்கன்தான். புழு பூச்சி தின்னும் பறவைக்கு நாங்கள் அரிசி வைத்தோம். ஓய்வு தேடி வந்ததைக் கூட்டம் கூட்டிப் பயமுறுத்தினோம்.

உங்கள் வீட்டிலும் ஒருநாள் இப்படி வந்து விழலாம். அப்போது செய்ய வேண்டியவை எளியவை:

காற்றுத் துளை போட்ட அட்டைப் பெட்டியில் துணி விரித்து, பறவையை மெதுவாக உள்ளே வைத்து மூடுங்கள். பூனை எட்டாத, சத்தமில்லாத, இருட்டான இடத்தில் பெட்டி இருக்கட்டும். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்ற வேண்டாம். அடிக்கடி திறந்து பார்க்க வேண்டாம். தெம்பு வந்ததும், மாலை வெளிச்சம் இருக்கும்போதே மரஞ்செடி உள்ள இடத்தில் திறந்து வையுங்கள், தானே போய்விடும். காயம் இருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். கூண்டில் வைத்து வளர்ப்பது சட்டப்படி குற்றம்.

வெயில் ஏறிய பிறகு பாறைச் சரிவில் மஞ்சள் தொண்டைச் சின்னானையும் வழிகாட்டி காட்டினார். அது எங்கும் போவதில்லை. தென்னிந்தியப் பாறை மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் அது கிடையாது. மலைகளைக் கல்லுக்காக உடைத்தால் அதற்குப் போக்கிடமில்லை. வந்து போகும் பறவைக்கும் இங்கேயே வாழும் பறவைக்கும் இந்த மலைதான் ஆதாரம்.

அடுத்த ஐப்பசிக்காக எங்கள் வீட்டுப் பரண்மேல் துளை போட்ட அட்டைப் பெட்டி ஒன்று தயாராக இருக்கிறது. அதன் மேல் "விருந்தாளி" என்று என் மகன் தமிழிலும் தெலுங்கிலும் எழுதி வைத்திருக்கிறான். நீங்களும் ஒரு பெட்டி எடுத்து வையுங்கள். அப்படியே ஒருநாள் பிள்ளைகளோடு தலகோனா சென்று, ஆறு மணிக்குக் கண்ணை மூடி உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள்.