கல்லாவில் முடங்கிய தாத்தாவின் முதல்

எனது கடைக்கு வறுத்த அரிசி மாவும் மிளகாய்த்தூளும் பைக்கற் போட்டுத் தருபவர் எங்கள் ஊர்த் தாத்தா ஒருவர். ஐம்பத்தெட்டு வயதில் கணவர் மௌத்தாகி, இத்தா முடிந்த பின்பே தொழிலில் இறங்கினார். வட்டிக் கடன் வேண்டாமென்று ஒரு சோடிக் காப்பை விற்றார். கிராம சேவகரின் சான்றிதழோடு பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்தார். பைக்கற்றில் நிறை, விலை, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி எல்லாம் ஒழுங்காக இருக்கும்.

இத்தகைய தொழில் எங்கே விழுகிறது என்பதை வியாபாரிகளாகிய நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். வாரம் 20,000 ரூபாவுக்குச் சரக்குப் போடுபவருக்கு அந்தக் காசு திரும்பினால்தான் அடுத்த வாரத்து அரிசி. நாமோ "விற்ற பிறகு தாறேன்" என்று எடுக்கிறோம். சரக்கு விற்றுவிடுகிறது, காசு கல்லாவில் கலந்துவிடுகிறது. கம்பனி லொறி வந்தால் உடனே காசோலை எழுதுகிறோம். இல்லாவிட்டால் சரக்கு இறக்கமாட்டான். தாத்தா வந்தால் "நாளைக்கு வாங்க" என்கிறோம். மூன்று வாரம் இப்படி இழுத்தால் அவருடைய 60,000 ரூபா நம்மிடம் முடங்கிவிடும். அவ்வளவு முதல் அவரிடம் ஏது?

நானும் இதைச் செய்தவன்தான். ஒரு நோன்பு காலத்தில் தாத்தாவைக் காணவில்லை. சுகமில்லையாக்கும் என்று வீட்டுக்குப் போனேன். "மிளகாய் வாங்கக் காசில்ல தம்பி" என்றார். என் கணக்கில் 14,500 பாக்கி. அவருடைய கொப்பியில் திகதியோடு 17,200. ஒரு தடவை எடுத்த சரக்கை நான் எழுதவேயில்லை! கடனை எழுதிவைக்கச் சொல்லும் சூரத்துல் பகராவின் 282ஆம் வசனம் குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம். அதைத் தராவீஹில் கேட்டுவிட்டு வந்துதான் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன்.

முழுவதையும் கொடுத்தேன். இப்போது வியாழன் தோறும் கணக்கு முடிக்கிறோம்.

தாத்தாவிடமும் ஒரு பிழை இருந்தது. அரிசி, மிளகாய், பைக்கற் விலையை மட்டும் கூட்டி இலாபம் பார்ப்பார். தன் கூலியைச் சேர்ப்பதில்லை. 2022இல் காஸ் தட்டுப்பாடு வந்து விறகுக்கு மாறியபோதும் விலையைக் கூட்டவில்லை. உட்கார்ந்து கணக்குப் பார்த்து, பைக்கற்றுக்குப் பத்து ரூபா கூட்டினோம். ஒரு வாடிக்கையாளரும் போகவில்லை.

பக்கத்துத் தெருக் கடையொன்றில் மட்டும் அவருக்கு இன்னும் பாக்கி இருக்கிறதாம். பெயரை எழுதவில்லை. அவரும் இந்தப் பத்தியை வாசிப்பவர்தான்.