கணிப்பொறியில் கணக்குச் சூத்திரம் அமைத்தல்

வயலுக்கு இடவேண்டிய உரத்தின் அளவை அனுபவத்தைக் கொண்டு நிர்ணயித்தல் குடியானவர் வழக்கம். பல வயல்களின் பரீட்சை முடிவுகளைத் தொகுத்து நிர்ணயிப்பதாயின் கணக்குச் சூத்திரம் அவசியமாகும். இத்தகைய வேலைக்கு "ஆர்" என்னும் புள்ளிவிவரப் பாஷை பல தேசங்களிலும் உபயோகத்திலிருக்கிறது. நியூஜீலாந்திலுள்ள ஆக்லாந்து சர்வகலாசாலையில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மன் என்னும் இருவர் இதனை ஆக்கினர். இதன் முதற் பூரணப் பதிப்பு 2000-ம் வருஷம் பிப்ரவரி 29-ந் தேதி வெளிவந்தது. இது விலையின்றிக் கிடைப்பது.

பிழை நேரும் விதம்.—ஏக்கர் ஒன்றுக்கு அடியுரம் 20 கிலோ, மேலுரம் 10 கிலோ, நிலம் 3 ஏக்கர் எனக் கொள்க. வேண்டிய உரம் 90 கிலோ. சூத்திரத்தை வெறும் எழுத்துக்களாகப் பாவித்து, "3 பெருக்கல்" என்பதன் பின் "அடியுரம் கூட்டல் மேலுரம்" என்பதை ஒட்டினால், யந்திரம் பெருக்கலை முதலிற் செய்து 70 என விடை தரும். அடைப்புக்குறி ஒன்று விடுபட்டமையால் 20 கிலோ குறைந்துபோயிற்று. யந்திரமோ இதனைப் பிழையென்று எச்சரிப்பதில்லை. பயிர் வாடிய பின்னரே குறை வெளிப்படும்.

பரிகாரம்.—ஆர் பாஷையில் சூத்திரமானது கிளைகளோடு கூடிய மரத்தை ஒக்கும். "கோட்" என்னும் கட்டளை சூத்திரத்தைக் கணக்கிடாமல் அப்படியே வைத்திருக்கும். "பிகோட்" என்பது, மாமரத்தில் ஒட்டுக் கட்டுவதுபோல, ஒரு சூத்திரத்தை மற்றொன்றில் முழுக் கிளையாகப் பொருத்தும். கிளை சிதறாதாகையால் விடை 90 என்றே வரும். பின்னர் "ஈவால்" என்னும் கட்டளை அந்தந்த வயலின் விவரங்களை இட்டு விடை காணும்.

பல உரங்கள்.—ஒரு கிராமத்தில் இரண்டு உரங்களும் மற்றொன்றில் ஆறும் வழங்கக்கூடும். ஒவ்வொன்றுக்கும் தனிச் சூத்திரம் கையால் எழுதவேண்டுவதில்லை. "கால்" என்னும் கட்டளை உரப் பெயர்களைக் கூட்டற்குறியால் இணைக்கும். "ரெடியூஸ்" என்பது பட்டியல் முடியுமட்டும் அவ்வேலையைத் திரும்பத் திரும்பச் செய்விக்கும்.

தக்க அளவு காணுதல்.—உரம் ஏறுந்தோறும் விளைவு ஏறி, ஒரு வரம்புக்குமேல் குறையத் தொடங்கும். அமைத்த சூத்திரத்தை "டி" என்னும் கட்டளைக்குக் கொடுத்தால், ஒரு கிலோ உரம் கூடுதலாக இடுவதால் ஏறத்தாழ எவ்வளவு விளைவு கூடும் என்பதற்கான புதிய சூத்திரம் கிடைக்கும். அக்கூடுதல் விளைவின் கிரயம் அந்த ஒரு கிலோ உரத்தின் விலைக்குச் சமமாகும் இடமே மிகுந்த ஆதாயம் தரும் அளவாகும். அதற்குமேல் இடும் உரம் பணவிரயமே.

ஆயினும் சூத்திரம் எத்துணைச் செம்மையாக அமையினும், தவறான விவரம் இட்டால் தவறான விடையே வரும். ஆகவே கிராம உத்தியோகஸ்தர்கள் நிலத்தின் பரப்பையும் அறுவடை எடையையும் சரிபார்த்துக் குறித்தல் வேண்டும். குடியானவர்களும் உரச் சிபார்சைப் பெற்றவுடன் ஒரு ஏக்கருக்காவது கையால் கணக்கிட்டு ஒத்துப்பார்த்துக் கொள்வது நலம்.