பொறுப்பு முதலாளிக்கே!

“எல்லாம் சரி ஹாஜியார், யோசிக்க வேணாம்” என்பார், என் கடைக் கணக்கைப் பார்த்தவர். நானும் மாதாமாதம் பணத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு வியாபாரத்தைக் கவனித்தேன்.

வீட்டுக் கடனுக்காகத் தனது ஊழியர் சேமலாப நிதி மீதியை விசாரித்த என் விற்பனையாளர், “என்ட காசு எங்க முதலாளி?” என்று வந்து நின்றார். ஏழு மாதம் கட்டப்படவில்லை. அவர் சம்பளத்தில் பிடித்த 8 வீதமும் என் பங்கான 12 வீதமும் போய்ச் சேரவில்லை. வெட்கித்துப் போனேன். தண்டப்பணத்தோடு மீண்டும் நானே கட்டினேன். சட்டம் தேடுவது முதலாளியைத்தான்.

சகோதர வியாபாரிகளே! பணத்தை வங்கி மூலம் நேரடியாகச் செலுத்துங்கள். அடுத்த மாத முடிவுக்குள் அது சேர வேண்டும். பற்றுச்சீட்டைக் கண்ணால் பாருங்கள். நவம்பர் 30க்குள் வருமான வரி விபரத்திரட்டு அனுப்பியதற்கும் அத்தாட்சி கேளுங்கள். தராதவரை மாற்றுங்கள். கணக்கை ஒப்படைக்கலாம், பொறுப்பை ஒப்படைக்க முடியாது.