‘நமஸ்தே’ நினைவிருக்கு... பதில் நினைவிருக்கா?

இருபது வருஷம் தாண்டியும் தமிழ்நாட்டில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு டி.வி பேட்டி உண்டு என்றால், அது ஜெயலலிதா - கரண் தாப்பர் பேட்டிதான். 2004-ல் பி.பி.சி வேர்ல்டின் ‘ஹார்டு டாக் இந்தியா’ நிகழ்ச்சிக்காக எடுத்தது. முடிவில், ‘உங்களோடு பேசியதில் மகிழ்ச்சி’ என்று தாப்பர் சம்பிரதாயமாகச் சொன்னார். தனக்கு அப்படியொன்றும் மகிழ்ச்சி இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு, ‘நமஸ்தே’ போட்டு, மைக்கைக் கழற்றினார் அப்போதைய முதல்வர்.

அந்தச் சில நொடிகளை மட்டும் வெட்டி, கறுப்புக் கண்ணாடி மாட்டி, பின்னணியில் பாட்டுப் போட்டு ‘தக் லைஃப்’ வீடியோவாக இன்றும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். பேட்டி வந்தபோது பிறந்தே இராத பிள்ளைகளுக்கும் அது மனப்பாடம்.

பார்த்தவர்கள் அன்றே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். ‘ஒரு மாநில முதல்வரிடம், அதுவும் ஒரு பெண்மணியிடம் இப்படியா பேசுவது’ என்பது ஒரு கட்சி. ‘முதல்வரென்றால் கேட்கக் கூடாதா, பதில் சொல்ல எதற்கு இவ்வளவு கோபம்’ என்பது இன்னொன்று. முதல் கட்சியில் அ.தி.மு.க-காரர்கள் மட்டும் இல்லை. அரசியல் பக்கமே தலைவைத்துப் படுக்காத பாட்டிமார்கள்கூட இருந்தார்கள். தாப்பரின் கேள்விகளும் லேசானவை அல்ல. ஜோதிடம், எண் கணிதத்துக்காகப் பெயரில் எழுத்துச் சேர்த்தது, அமைச்சர்கள் காலில் விழுவது என்று வரிசையாக வந்தன. நடுவில், பேப்பரைப் பார்த்துப் படிக்கிறீர்களா என்றும் கேட்டார். அங்கேதான் சூடு ஏறியது.

இந்தக் களேபரத்தில் காணாமல் போன கேள்வி ஒன்று உண்டு.

அந்த ஆண்டு மே மாதம் வந்த நாடாளுமன்றத் தேர்தல் முடிவில், தமிழ்நாட்டின் 39 தொகுதிகளிலும் அ.தி.மு.க கூட்டணி தோற்றிருந்தது. தோற்ற கையோடு, அரசு தன் பழைய உத்தரவுகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் பெற்றது. மதமாற்றத் தடைச் சட்டம் போனது. விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் மீண்டும் வந்தது. கொஞ்சம் வருமானம் உள்ள குடும்பங்களுக்கு ரேஷன் அரிசி இல்லை என்று சொன்ன ‘ஹெச்’ முத்திரை நீங்கியது. 2003 வேலைநிறுத்தத்தில் ஒரே உத்தரவில் வேலை போன அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள் எண்ணிக்கை ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அவர்களில் பெரும்பாலானோர் முன்பே வேலைக்குத் திரும்பிவிட்டாலும், மிச்சமிருந்த நடவடிக்கைகளும் இப்போது கைவிடப்பட்டன. ஏறக்குறைய தமிழ்நாட்டின் எல்லா வீட்டு வாசலையும் தொட்ட விஷயங்கள் இவை. ‘செய்தது சரியென்றால் ஏன் திரும்பப் பெற்றீர்கள்?’ என்ற கேள்வி அந்தப் பேட்டியில் இருந்தது. அதற்கு அவர் என்ன சொன்னார் என்று அந்த வீடியோவை நூறு முறை பார்த்தவரிடம் கேட்டுப் பாருங்கள். உதட்டைப் பிதுக்குவார்.

அதே ஜெயலலிதா, 1999-ல் சிமி கரேவாலுக்கும் பேட்டி கொடுத்தார். அம்மாவைப் பற்றிப் பேசினார், எம்.ஜி.ஆரைப் பற்றிப் பேசினார். பள்ளி நாட்களில் கிரிக்கெட் வீரர் நரி கான்ட்ராக்டர் மேல் இருந்த ஈர்ப்பைச் சொல்லிச் சிரித்தார். பழைய இந்திப் பாட்டு ஒன்றைப் பாடவும் செய்தார். இரும்புப் பெண்மணிக்குள் இப்படி ஒரு பெண்ணா என்று ஊரே உருகியது. இரண்டு பேட்டியையும் அடுத்தடுத்துப் பார்க்கிறவர்கள், சிமிதான் நல்ல தொகுப்பாளர், தாப்பர் முரடர் என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். சிமியின் பேட்டியில் அவருடைய மனசு தெரிந்தது, சந்தேகமில்லை. ஆனால், ஆட்சியைப் பற்றித் தெரிந்துகொள்ள அது எடுத்த பேட்டி இல்லையே!

தாப்பர் மேல் சொல்லப்படும் குற்றச்சாட்டு முழுக்கத் தவறும் இல்லை. குறுக்கே பேசுவது அவருடைய பழக்கம். எதிரில் இருப்பவர் வாக்கியத்தை முடிக்கும் முன் அடுத்த கேள்வி பாய்ந்துவிடும். அதனால் லாபம் அடைவது சில சமயம் பதில் சொல்ல விரும்பாதவர்தான். ‘என்னைப் பேசவே விடவில்லை’ என்று சொல்லிக்கொள்ளலாம் பாருங்கள்.

2007 அக்டோபரில் இதே தாப்பரின் ‘டெவில்ஸ் அட்வகேட்’ நிகழ்ச்சியில் நரேந்திர மோடி உட்கார்ந்தார். அப்போது அவர் குஜராத் முதல்வர். 2002 கலவரம் பற்றிய கேள்விகள் வந்தன. தண்ணீர் கேட்டார், மைக்கைக் கழற்றினார். மொத்தம் மூன்று நிமிடம்கூடத் தாண்டவில்லை. அதன் பிறகும் டீ, இனிப்பு என்று உபசரித்து உட்கார வைத்தார் என்று 2018-ல் வந்த தன் புத்தகத்தில் தாப்பர் எழுதியிருக்கிறார். சேனல் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பக் காட்டியது. பார்த்தவர்களில் ஒரு பாதி, ‘ஓடிவிட்டார்’ என்றது. மறுபாதி, ‘டெல்லிப் பத்திரிகையாளரின் திமிருக்குச் சரியான பதில்’ என்றது. அந்த டிசம்பரில் குஜராத்தில் 182-க்கு 117 இடங்களில் பி.ஜே.பி ஜெயித்தது. பேட்டியிலிருந்து எழுந்து போனதற்காக வாக்காளர்கள் அவரைத் தண்டிக்கவில்லை.

இதிலிருந்து அரசியல்வாதிகள் பாடம் படிக்காமல் இருப்பார்களா? கடினமாகக் கேட்பவரிடம் போகாமலே இருந்துவிடலாம், யாரும் கணக்குக் கேட்கப்போவதில்லை. 2019 தேர்தல் நடந்துகொண்டிருக்கும்போதே பிரதமர் மோடியைப் பேட்டி எடுத்தவர் நடிகர் அக்‌ஷய் குமார். மாம்பழம் சாப்பிடுவீர்களா என்பது வரை பேசினார்கள்.

தமிழ் சேனல்களில் இந்தப் பாணிக்குப் பெயர் வாங்கியது தந்தி டி.வி-யின் ‘கேள்விக்கென்ன பதில்’. ரங்கராஜ் பாண்டே பழைய பேச்சு, தேதி, புள்ளிவிவரம் எல்லாம் கையில் வைத்துக்கொண்டு, ‘அன்றைக்கு இப்படிச் சொன்னீர்களே’ என்று ஆரம்பிப்பார். யாருக்கும் பயப்படாதவர் என்று ஒரு கூட்டம் கொண்டாடியது. ஒரு பக்கம் சாய்ந்தவர் என்று இன்னொரு கூட்டம் திட்டியது. சுவாரஸ்யம் என்னவென்றால், இரண்டு கூட்டமும் ஒரே பேட்டியைத்தான் பார்த்தது. நம் கட்சித் தலைவர் மாட்டிக்கொண்டால் தொகுப்பாளர் ‘விலைபோனவர்’. எதிர்க்கட்சித் தலைவர் மாட்டிக்கொண்டால் ‘கிடுக்கிப்பிடி போட்டார் மனுஷன்!’ 2018 இறுதியில் பாண்டே அந்த சேனலைவிட்டு விலகினார். அடுத்த ஆண்டே ‘நேர்கொண்ட பார்வை’யில் அஜித்துக்கு எதிராக வாதாடும் வழக்கறிஞராக வந்தார். குறுக்கு விசாரணைக்கு அந்த முகம்தான் பொருத்தம் என்று சினிமாக்காரர்களுக்கும் தோன்றியிருக்கிறது.

பெண் தொகுப்பாளர்கள் பாடு இதைவிடச் சிரமம். ஆண் கேட்டால் ‘தைரியம்’ என்கிற அதே கேள்வியைப் பெண் கேட்டால் ‘வாய் ஜாஸ்தி’. புடவை, தலைமுடி, குரல் எல்லாவற்றுக்கும் மார்க் போட்ட பிறகுதான் கேள்விக்கே வருவார்கள்.

பிரிட்டனிலும் கதை பெரிதாக மாறவில்லை. 1997-ல் பி.பி.சி-யின் ஜெரமி பாக்ஸ்மன், முன்னாள் உள்துறை அமைச்சர் மைக்கேல் ஹோவர்டிடம் ஒரே கேள்வியைப் பன்னிரண்டு முறை கேட்டார். சிறைத்துறை அதிகாரியை மீறி உத்தரவு போடுவதாக மிரட்டினீர்களா, இல்லையா என்பதுதான் கேள்வி. நேரான பதில் வரவே இல்லை. அடுத்து வர வேண்டிய பகுதி தயாராகாததால் நேரத்தை ஓட்டவே திரும்பத் திரும்பக் கேட்டதாகப் பின்னாளில் பாக்ஸ்மனே சொன்னார். ஆனாலும், அங்கே மக்கள் நினைவில் நின்றதில் ஒரு வித்தியாசம் உண்டு. பாக்ஸ்மனின் திமிரைப் பற்றிப் பேசியவர்களும், ஹோவர்டு பதில் சொல்லவில்லை என்பதை மறக்கவில்லை.

ஜெயலலிதா பேட்டி முழுசாக இன்றும் யூடியூபில் இருக்கிறது. அரை மணி நேரத்துக்குள் பார்த்துவிடலாம். ‘நமஸ்தே’ கடைசியில்தான் வரும்.